சென்னியப்பன் இறுக்கின நட்டு

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. முட்டி இடிக்கும்னு ஒதுங்க வேண்டாம், இடிச்சா இடிக்கட்டும். எனக்கு இப்பெல்லாம் சத்தமாப் பேசினா மூச்சு வாங்குது. மெல்லச் சொன்னால்தான் கதை சிந்தாமல் வரும்.

பொன்னாரிபாளையம் வாய்க்கால் மேட்டில் ஒரு தகரக் கொட்டாய் இருந்தது. அதுதான் சென்னியப்பன் பட்டறை. ஊரில் கழண்டு வராதது எதுவோ அதெல்லாம் அவரிடம்தான் வரும். மாடு பூட்டிக் கவலை இறைத்தது போய் மோட்டார் வந்த காலம், சைக்கிள் வந்த காலம், தையல் மிஷின் வந்த காலம். வந்த இரும்பெல்லாம் ரெண்டு மழைக்காலம் கண்டதும் துருவேறிப் பல்லைக் கடித்துக்கொள்ளும். திருப்புளி வாய் வழுக்குகிற ஸ்க்ரூவுக்குச் சைக்கிள் ட்யூபில் ஒரு துண்டு நறுக்கி நடுவில் வைத்து அழுத்தித் திருப்புவார், ரப்பர் போய்ப் பள்ளத்தைப் பிடித்துக்கொள்ள, ஸ்க்ரூ தூங்கி எழுந்த குழந்தை மாதிரி மெல்ல வெளியே வரும். மூலை மழுங்கின நட்டென்றால் ஸ்பேனருக்கும் நட்டுக்கும் நடுவே ஓர் ஆணியைச் செருகுவார். தலை தேய்ந்த போல்ட்டென்றால் ரம்பத்தால் குறுக்கே ஒரு கோடு அறுத்து அதற்குப் புதுசாக வாய் திறந்துவிடுவார். தலையே இல்லாத மரைக்கம்பி என்றால் ரெண்டு நட்டை ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றி, ஒன்றோடொன்று இறுக்கி, அடி நட்டைத் திருப்புவார், கம்பி தானே கூட எழுந்து வரும். எதற்கும் மசியாததைச் சுடவைத்து, சூட்டோடு மெழுகுவர்த்தியை ஒற்றுவார். மெழுகு உருகி, மனுசன் கண்ணுக்குத் தெரியாத சந்துக்குள் எல்லாம் போய் உட்காரும். அப்புறம் ரெண்டு தட்டு, ஒரு திருப்பு. அவ்வளவுதான்.

திருப்பும்போது இரும்போடு பேசுவார். "வா தங்கம், வந்துரு சாமி, அப்பனுக்கு நேரமாச்சு" என்று கெஞ்சுவார். மனுசரிடம் அவ்வளவு பேசமாட்டார். வீட்டில் அதிலும் குறைச்சல். அவர் சம்சாரம் மயிலாத்தாள் ஒன்பது வார்த்தை பேசினால் அவர் பக்கம் இருந்து "ம்" என்று ஒன்று வரும், அதுவும் ஸ்பேனர் துடைக்கிற சத்தத்தில் கேட்காது.

எங்கள் ஊரில் பங்குனியில் தேர். தேருக்கு முன்னாலேயே தேர்க்கடை வந்துவிடும்: வளையல் கடை, மிட்டாய்க் கடை, என் பொரிகடலைக் கடை, எல்லாவற்றுக்கும் பின்னால் ரெண்டு பனை உயரத்தில் மஸ்தான் பாயின் ராட்டினம். எட்டுப் பெட்டி, ஆயில் எஞ்சின், நடுவில் யானைக்கால் கனத்துக்கு ஓர் அச்சு, அச்சு முனையில் தோசைக்கல் அகலத்துக்கு ஒரு நட்டு. வருசா வருசம் வரும் ராட்டினம்தான். வருசா வருசம் மயிலாத்தாள் அதன் அடியில் வந்து நின்று, கழுத்து வலிக்க மேலே பார்த்து, "ஏனுங்க, ஒருக்கா ஏறலாங்களா, ரெண்டு பேரும்" என்று கேட்பாள். வருசா வருசம் சென்னியப்பன், "வேல கெடக்குது புள்ள. அடுத்த தேருக்குப் பாக்கலாம்" என்பார்.

நான் சொல்கிற வருசம் பன்னிரண்டாவது தேர். தேருக்கு மறுநாள் மத்தியானம். என் கடைக்கு எதிரேதான் நடந்தது.

"பன்னெண்டு தேர் போச்சுங்க" என்றாள் மயிலாத்தாள். "அந்தத் தேருக்கே நெலைக்கு வந்து சேர ஒரு நாளு இருக்குது. உங்குளுக்கு எங்கூட ஒரு சுத்து சுத்த நாளு வல்லியா?"

"அதா, பாய் கூப்படறாரு. நட்டு ஆடுதாம்."

"நட்டு ஆடுனா ஓடுவீங்க. நானும் வேணும்னா ஆடிப் பாக்கறன், அப்பவாச்சும் வாரீங்களான்னு."

பொரி வாங்க நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். சென்னியப்பனுக்கு முகம் கறுத்துப் போயிற்று. மயிலாத்தாள் யாரையும் பார்க்கவில்லை, தானாகச் சீட்டு வாங்கி, தனியாக ஒரு பெட்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

ராட்டினத்துக்கு ஆள் ஏற்றுவது ஒவ்வொரு பெட்டியாகத்தான். ஒன்றை நிரப்பி, கொஞ்சம் சுற்றி நிறுத்தி, அடுத்ததை நிரப்புவார்கள். அப்படி மயிலாத்தாளின் பெட்டி ஏறி ஏறி நேர் உச்சியில் போய் நின்றபோதுதான், பாய் எஞ்சினை நிறுத்தி, "அண்ணே, இப்பவே அந்த நட்டை ஒரு பிடி பிடிச்சு விட்டுருங்க" என்றார். சென்னியப்பன் ஏணி போட்டு அச்சுக்கு ஏறி, ஸ்பேனரைப் போட்டு, ஸ்பேனர் வாலில் நாலடிப் பைப்பைச் செருகி, கையில் இருந்த வேலையை மறந்து நெஞ்சில் இருந்த கோபத்தோடு ஒரே இழுப்பாக இழுத்தார்.

நட்டு "கிறீச்" என்றது. தேர்க்கடையில் இருந்த அத்தனை பேருக்கும் பல் கூசியது. அதோடு ராட்டினம் நின்றது. எஞ்சினைப் போட்டார்கள், பெல்ட் அறுந்தது. எட்டுப் பேர் சேர்ந்து தள்ளினார்கள், எட்டுப் பேர் கையும்தான் வீங்கியது. தாழ இருந்த பெட்டிக்காரர்கள் குதித்தும், மற்றவர்கள் ஏணி வைத்தும் இறங்கி வீட்டுக்குப் போனார்கள். மயிலாத்தாள் மட்டும் உச்சியில்.

முதல் நாள் எல்லோரும் பதறினோம். ஏணியோடு ஏணி கட்டினோம், ரெண்டு முழம் குறைந்தது. மூணாவது ஏணி கட்டினோம், அப்போதும் ரெண்டு முழம் குறைந்தது. டவுனில் இருந்து தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு வந்தது. அதன் ஏணியும் ரெண்டு முழம் குறைந்தது, அதை நோட்டில் எழுதிக்கொண்டு போனார்கள். தேங்காய் பறிக்கிற ஆட்கள் ரெண்டு பேர் ராட்டினத்துக் கம்பியைப் பிடித்து ஏறினார்கள், பாதியில் இறங்கிவிட்டார்கள். "ஏற ஏற நீளுதுங்க" என்றார்கள், தென்னை மரத்தைப் பற்றிச் சொல்கிற மாதிரி சாதாரணமாக.

ரெண்டாம் நாள் கயிறு போட்டு, தூக்குப்போசியில் சோறு ஏற்றினோம். மூணாம் நாள் கோரைப்பாயும் தலையணையும் போயிற்று. ஒரு வாரத்தில் அது பழகிவிட்டது. மனுசனுக்குப் பழகாதது என்ன இருக்கிறது சொல்லுங்கள். குளிப்பது, மற்றதெல்லாம் எப்படி என்று கேட்காதீர்கள். கேட்டவர்களுக்கு அவளே மேலே இருந்து பதில் சொன்னாள். அதற்கப்புறம் ஊரில் ஒருத்தரும் கேட்கவில்லை.

தேர்க்கடை கலைந்து போனது. ராட்டினத்தை விட்டுப் போகமுடியாத மஸ்தான் பாய் அதன் அடியிலேயே டீக்கடை போட்டார். தபால்காரர், "ராட்டினத்து உச்சி, பொன்னாரிபாளையம்" என்று எழுதி வந்த கடிதங்களைப் போசியில் வைத்து அனுப்பினார். ஆள் கணக்கு எடுக்க வந்தவர் கீழே நின்று, "வீட்டு நம்பர் என்னம்மா?" என்று கத்த, "அஞ்சாம் நம்பர் பெட்டின்னு போட்டுக்கங்க!" என்று அவள் கத்த, "கூரை ஓடா, ஓலையா?" என்று அவர் கேட்க, "எனக்கு மேல ஆகாசந்தானுங்க!" என்றாள். அவர் பேனாவைக் கடித்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்து, ஓடு என்றே எழுதிக்கொண்டு போனார்.

அப்புறம் அவள் பார்வைக்கு ஊர் பழகியது. "பஸ்ஸு வாய்க்கா பாலத்துக்கு வந்துருச்சு, கெளம்பறவுக கெளம்புங்க!" என்பாள், அதற்கு அப்புறம் புறப்பட்டாலே பஸ் கிடைக்கும். "பொங்கியண்ணா, உங்க செவலைக் கன்னு கரும்புக்குள்ள பூந்துருச்சு!" என்பாள். "மலையில மழை எறங்குது, காயப்போட்ட மொளகாய எடுங்க!" என்பாள், எடுத்துக் கூடையில் கொட்டி மூடவும் முதல் துளி விழவும் சரியாக இருக்கும். கொழுந்தியாள் கோபித்துக்கொண்டு எந்தத் தடத்தில் போனாள், புளியமரத்தடியில் சீட்டாடுகிறவன் யார், எல்லாம் தெரியும், ஆனால் சொல்லக் கூடியதை மட்டும்தான் சொல்வாள். ஊரில் திருட்டு நின்றது. புளியமரத்தடிச் சீட்டாட்டமும் நின்றது, அதில்தான் சிலருக்கு வருத்தம்.

எல்லோரோடும் பேசினாள். சென்னியப்பனோடு மட்டும் பேசவில்லை. முதல் ரெண்டு நாள் அவர் கீழே நின்று "மயிலா" என்று கூப்பிட்டார். அவள் முகத்தைத் திருப்பி மலையைப் பார்த்தாள். மூணாம் நாளில் இருந்து அவர் கூப்பிடவில்லை. பட்டறையைப் பூட்டிவிட்டு, ராட்டினத்து அச்சுக்குப் பக்கத்தில் மூங்கிலில் ஒரு பரண் கட்டி, நட்டுக்கு எதிரில் குடியேறிவிட்டார்.

என்னென்ன செய்தார் என்கிறீர்கள்! மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து துணியில் நனைத்து நட்டைச் சுற்றிக் கட்டி ஊறப்போட்டார், சித்திரை முழுக்க ஊறியது, நட்டு எண்ணெய் தேய்த்துக் குளித்த மாப்பிள்ளை மாதிரி மினுமினுத்ததே ஒழிய அசையவில்லை. வைகாசியில் புளியும் உப்பும் கரைத்து ஊற்றினார், துரு போயிற்று, பிடி போகவில்லை. ஆனியில் கரி அடுப்பைப் பரணில் வைத்து ஊதி ஊதி நட்டைச் சிவக்கக் காய்ச்சி, ஒரு கூடை மெழுகுவர்த்தி ஒற்றினார். மெழுகு வாசம் ஆடி வரைக்கும் ஊரில் நின்றது. டவுனில் இருந்து மரத்தூளில் பொதிந்து பனிக்கட்டி கொண்டுவந்து அச்சுக்கு வைத்துப் பார்த்தார். பைப்பின் நீளத்தை நாலடியில் இருந்து எட்டு, எட்டில் இருந்து பதினாறு என்று கூட்டினார். கடைசிப் பைப்பின் வாலில் நாங்கள் பதினோரு பேர் தொங்கினோம். பைப் வளைந்து எங்களை எல்லாம் பாய் கடை வாசலில் மெதுவாக இறக்கிவிட்டது.

ஊரே உதவிக்கு வந்தது. ஒருத்தர் விளக்கெண்ணெய் கொண்டுவந்தார். ஒருத்தி, பிள்ளைக்கு மாட்டின வளையலைச் சோப்பு நுரை போட்டுக் கழட்டினேன் என்று நுரையோடு ஒரு சட்டி ஏந்தி வந்தாள். சென்னியப்பன் எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லாவற்றையும் ஊற்றி, தட்டி, காதை வைத்துக் கேட்டு, "வா தங்கம், வந்துரு சாமி" என்றே கெஞ்சிக்கொண்டிருந்தார். முகத்தில் எலும்பு தெரிய ஆரம்பித்தது.

ஆவணியில் பால் சங்கத்துப் பொங்கியண்ணன் பரணுக்குக் கீழே வந்து நின்றார். ஊரில் நாலு பேருக்காகப் பேசுகிற மனுசர் அவர். "சென்னியப்பா, விட்டுரு. அம்மிணி மேல இருக்கறது ஊருக்கே நல்லதாப் போச்சு. பஸ்ஸு, மழை, மாடு கன்னு, எல்லாத்துக்கும் வசதி. அடுத்த தேருக்கு ராட்டினத்துக்கே பெயிண்ட் அடிச்சு விட்டர்லாம்னு பேசிட்டிருக்கறம்."

"ஊருக்கு நல்லதுங்ணா" என்றார் சென்னியப்பன். "எனக்குச் சோறு எறங்கலீங்க."

"போசியில அவுளுக்கு ஏத்தற சோத்துலதான உனக்கும் ஒரு வாய் போடறாங்க?"

"சோத்துக்குக் கொறை இல்லீங்க. எதுக்க உக்கோந்து பேசறதுக்கு ஆளில்லீங்க."

டீ ஆற்றிக்கொண்டிருந்த மஸ்தான் பாய் குறுக்கே விழுந்தார். "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. அவங்க எதுக்க இருந்தப்ப நீங்க என்ன பேசினீங்க? அந்த நட்டுகிட்டக் கொஞ்சுறதில பாதி மேலே பாத்துக் கொஞ்சியிருந்தா, அது வெட்கப்பட்டே கழண்டிருக்கும்."

சென்னியப்பன் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஐப்பசியில் ஒரு சந்தை நாள், எங்கள் ஊர்ச் சந்தை அந்த ராட்டினத்தடியில்தான் கூடும். வெயில் இளசாக இருந்தது, மேற்கே மலையில் மேகம் மூட்டம் போட்டிருந்தது. சந்தைக்கு வந்த கூட்டம் வழக்கம்போல அண்ணாந்து மயிலாத்தாளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தது. சென்னியப்பன் அன்றைக்கு எதையும் ஊற்றவில்லை, எதையும் காய்ச்சவில்லை. பரணில் நட்டுக்கு எதிரே உட்கார்ந்து, கன்னத்தில் கைவைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு மாசத்தில் சுத்தியல் சத்தம் கேட்காத முதல் நாள் அது. அந்தச் சத்தம் நின்றதும், பழகின காதுக்கு என்னவோ போலிருந்தது எல்லோருக்கும். மேலே இருந்தவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

"ஏனுங்க."

சந்தை அடங்கிவிட்டது. வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தவன் தராசைத் தூக்கின கையோடு நின்றான்.

"ஏனுங்க, உங்களத்தான்" என்றாள் மயிலாத்தாள் மேலே இருந்து. "பன்னெண்டு வருசம் பட்டறைக்குச் சோறு கொண்டாந்தனே, எங்காது என்ன செவுடா? வாறவிங்களுக்கெல்லாம் ஒண்ணு சொல்லுவீங்கல்ல. கழட்டறதுக்கு முந்தி என்ன பண்ணோணும்?"

சென்னியப்பன் கன்னத்தில் இருந்து கையை எடுத்தார். "ஒரு மயிரிழை இறுக்கோணும்."

அது உண்மைதான். அவருடைய வித்தைகளிலேயே முதல் வித்தை அது. வராத நட்டை வா வா என்று ஒரே பக்கம் இழுத்தால் முறுக்கிக்கொண்டு நிற்கும். முதலில் அது போன பக்கமே ஒரு மயிரிழை போகவிட்டால், உள்ளே கட்டின துரு உடைந்து, அப்புறம் தானே திரும்பி வரும். சைக்கிள் கொண்டுவந்த சின்னப் பிள்ளைக்குக்கூடச் சொல்லியிருக்கிறார். இந்த ஏழு மாசத்தில் அவர் ஒருதரம்கூட அதைச் செய்யவில்லை.

"ஏன் பண்ணல?" என்றாள்.

"ஒருக்கா இறுக்குனதுதான் உன்னைய அங்க கொண்டுபோயி வெச்சுது" என்றார் அவர். நட்டைப் பார்த்துத்தான் பேச ஆரம்பித்தார், பாதியில் தலை மேலே போயிற்று. "இன்னொருக்கா இறுக்கப் போயி நீ அங்கயே நின்னுட்டீன்னா? பயமாருக்குது புள்ள."



"நின்னா நிக்கறன்" என்றாள். "இறுக்குங்க."

அவர் ஸ்பேனரைப் போட்டார். பைப் போடவில்லை. வெறும் கை.  எந்தப் பக்கம் திருப்பக் கூடாது என்று ஏழு மாசம் நினைத்தாரோ, அந்தப் பக்கம் ஒரு மயிரிழை அழுத்தினார்.

டிக்.

விரல் சொடுக்குகிற சத்தம்தான். அப்புறம் ஸ்பேனரே தேவைப்படவில்லை. ரெண்டு விரலால் திருப்ப, அந்தத் தோசைக்கல் நட்டு ஊறுகாய் ஜாடி மூடி மாதிரி வந்தது. சந்தையில் எழுந்த சத்தத்துக்கு வாய்க்கால் மேட்டுக் கொக்கெல்லாம் எழுந்து பறந்தன. உச்சியில் நேராக நிற்கிற பாரம் எந்தப் பக்கமும் சாயாது இல்லையா, அதனால் ராட்டினம் சும்மா நின்றது. பாய் ஓடிவந்து பரணுக்கு ஏறி, தள்ளிவிட்டு இறக்குவதற்குக் கம்பியில் கை வைத்தார். சென்னியப்பன் எட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொறுங்க பாய். எறங்கறாளான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்தர்றன்."

"இங்கிருந்தே கேளுங்கண்ணே. சந்தைக்கே கேக்குது."

"இல்லீங்க. போயிக் கேக்கோணும்."

சொல்லிவிட்டு, உச்சிக்கு நேராகப் போகிற கம்பியைப் பிடித்தார். பிடித்தவர் அப்படியே நின்றார். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக எழும்பிற்று.

"பாய்" என்றார் மெல்ல. "எனக்கு ஒசரம்னாப் பயமுங்க. இந்தப் பரணுக்கு மேல எம்பட கால் போனதில்ல. நாப்பத்தி மூணு வயசாச்சு, ஒருத்தருகிட்டயும் சொன்னதில்லீங்க. பொண்டாட்டிகிட்டயுந்தான்."

"பன்னெண்டு தேருக்கும் இதுதானா?" என்றார் பாய்.

"வேல கெடக்குதுன்னு சொல்றது சுளுவா இருந்துச்சுங்க."

கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஏற ஆரம்பித்தார். கம்பியில் ஒட்டுக்கு ஒட்டு ஒரு போல்ட்டுத் தலை துருத்திக்கொண்டிருக்கும். கால் பெருவிரலால் அதைத் தேடித் தேடி, ஒன்று மிதித்து, இன்னொன்று மிதித்து ஏறினார். ஏற ஏற நீளுகிற கம்பிதான் அது. ஆனால் அவர் கண்ணைத் திறந்து பார்த்தால்தானே அது நீளுவது அவருக்குத் தெரியும்? தெரியாததால் அதுவும் நீளாமல் இருந்துகொண்டது. மயிலாத்தாள் குனிந்து, அவர் சட்டைக் காலரைப் பிடித்துப் பெட்டிக்குள் இழுத்துப் போட்டாள்.

அன்றைக்குக் காற்று மேலிருந்து கீழே வீசியது. ஒரு வார்த்தை தப்பாமல் எங்களுக்குக் கேட்டது.

"கண்ணத் தொறங்க."

"மாட்டன்."

"இதக் காட்டத்தான பன்னெண்டு வருசமாக் கூப்படறன்."

ஒரு கண்ணைத் திறந்தார். அப்புறம் இன்னொன்றை.

"அதாரு கொட்டாயி, அவ்வளவு சின்னதா? தீப்பெட்டியாட்ட?"

"நம்முளுதுதான்."

"நம்முளுதா?" என்றார். ரொம்ப நேரம் அதையே பார்த்தார். "அதுக்குள்ளயா இத்தன வருசம் ரெண்டு பேரும் பேசாமக் கெடந்தோம்?"

"நாம்பேசுனன். நீங்கதான் கெடந்தீங்க."

கீழே யாரும் சிரிக்கவில்லை.

"மயிலா" என்றார் சென்னியப்பன். "நட்டைக் கழட்டிப்போட்டன். இப்ப இது வெறுமனே நிக்குது. நாம ரெண்டு பேரும் ஒரு சாண் அந்தண்ட சாஞ்சாப் போதும், தானா நம்மள எறக்கிரும். கேக்காமச் செய்யக் கூடாதுன்னு வந்தன். எறங்கலாமா?"

அவள் மேற்கே பார்த்தாள். மலைமேல் கட்டியிருந்த மேகம் அப்போதுதான் அவிழ்ந்து, வெள்ளைச் சேலை உலர்த்துகிற மாதிரி மழை காட்டுக்குமேல் காடாக இறங்கி எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தது. எங்களுக்குத் தெரியாது, அவள் சொல்லித்தான் தெரியும்.

"இருங்க" என்றாள். "அந்த மழை வாய்க்காலத் தாண்டி வாறதப் பாக்கோணும். பாத்துட்டுச் சொல்றன்."

"செரி" என்றார்.

 சந்தையில் ஒருத்தரும் வீட்டுக்குப் போகவில்லை, அண்ணாந்தபடியே நின்றோம். கரும்புக்காடு நனைந்தது, பாலம் நனைந்தது, மண்வாசம் எங்களுக்கு முன்னால் அவர்களுக்குப் போயிருக்கும். சென்னியப்பன் பெட்டியின் நட்ட நடுவில் முட்டியோடு முட்டி சேர்த்து, ரெண்டு கையையும் மடியில் வைத்து, முதுகை நேராக்கி உட்கார்ந்திருந்தார். வேர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கவில்லை. எங்கிருந்தோ ஓர் ஈ வந்து மூக்கு நுனியில் உட்கார்ந்தது, ஓட்டவில்லை. அவள் பார்த்து முடிக்கும் முன் ராட்டினம் திரும்பிவிடக் கூடாது என்று, மூச்சைக்கூடப் பாதிப் பாதியாக விட்டுக்கொண்டு, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரு மயிரிழை சாயாமல் உட்கார்ந்திருந்தார்.